பிளகின்களை எப்படி அடுக்குவது: தேடலா, வகையா, செயினா?

வீட்டு ஸ்டுடியோ வைத்திருப்பவர்களுக்கு இப்போது பிளகின் (பாட்டுப் பதிவு மென்பொருளுக்குள் சேர்த்துக்கொள்ளும் ஒலிக் கருவி) பஞ்சம் கிடையாது. இலவசமாக இறக்கியது, தள்ளுபடியில் வாங்கியது, சந்தாவோடு மொத்தமாக வந்தது என்று எல்லாம் சேர்ந்து, ட்ராக்கில் பிளகினைச் சேர்க்கும் இடமான இன்சர்ட் ஸ்லாட்டை க்ளிக் செய்தால் பட்டியல் திரையைத் தாண்டி ஓடுகிறது. இதை ஒழுங்குபடுத்த ஐந்தாறு வழிகள் உண்டு. எல்லா மென்பொருளும் எல்லா வழிகளையும் தருவதில்லை. தந்தாலும் எல்லாருக்கும் எல்லாமும் தேவைப்படாது. ரீப்பர், எஃப்எல் ஸ்டுடியோ, ஏபிள்டன் லைவ், க்யூபேஸ், லாஜிக் ப்ரோ, ப்ரோ டூல்ஸ் ஆகிய ஆறு பதிவு மென்பொருள்களையும் மனதில் வைத்து, எந்த வழி யாருக்குச் சரிப்படும் என்று பார்க்கலாம். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அடுக்குகிற வேலை மென்பொருளுக்குள்தான் நடக்க வேண்டும், ஹார்ட் டிஸ்கில் அல்ல.

டிஸ்கில் ஃபோல்டர் போடுவது

பிளகின்களை மென்பொருளோடு இணைக்கும் விஎஸ்டி அமைப்பை ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1996-இல் க்யூபேஸோடு கொண்டுவந்தது. அடுத்து வந்த விஎஸ்டி2 காலத்தில் விண்டோஸில் பிளகின் என்றால் பெரும்பாலும் ஒரு டிஎல்எல் கோப்பு, அவ்வளவுதான். அதை எந்த ஃபோல்டரில் வேண்டுமானாலும் போட்டுவிட்டு, மென்பொருளுக்கு அந்த இடத்தைக் காட்டினால் போதும். அதனால் பலரும் ஈக்யூ (அதிர்வெண்களை ஏற்றி இறக்குவது), கம்ப்ரஸர் (சத்தத்தின் ஏற்றத்தாழ்வைக் குறைப்பது), ரிவெர்ப் (அறையின் எதிரொலி சேர்ப்பது) என்று ஃபோல்டர்கள் போட்டு டிஎல்எல்களைப் பிரித்து வைத்தார்கள். சில மென்பொருள்கள் அந்த ஃபோல்டர் அமைப்பையே மெனுவாகக் காட்டின. பழைய ஆட்கள் இன்றும் இதைத்தான் சிபாரிசு செய்வார்கள்.

2008-இல் வந்த விஎஸ்டி3 இடத்தை நிர்ணயித்துவிட்டது. விண்டோஸில் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் காமன் ஃபைல்ஸ், அதற்குள் விஎஸ்டி3 ஃபோல்டர். மேக்கில் லைப்ரரி, ஆடியோ, பிளக்-இன்ஸ் என்று போகும் பாதை. ஆப்பிளின் ஏயூ, ப்ரோ டூல்ஸின் ஏஏஎக்ஸ், 2022-இல் யூ-ஹியும் பிட்விக்கும் சேர்ந்து வெளியிட்ட க்ளாப் ஆகியவற்றுக்கும் இதேபோலத் தனித்தனி இடங்கள் உண்டு. ஸ்டைன்பெர்க் 2018-க்குப் பிறகு புதிய நிறுவனங்களுக்கு விஎஸ்டி2 உரிமம் தருவதை நிறுத்தியது. தன் மென்பொருள்களிலிருந்தே விஎஸ்டி2-ஐ எடுக்கப்போவதாக 2022-இல் அறிவித்தது. ஆக, கோப்பை நினைத்த இடத்தில் வைக்கும் சுதந்திரம் போய்க்கொண்டேயிருக்கிறது.

சுதந்திரம் இருக்கும் இடத்திலும் இந்த வழி எனக்குப் பிடிக்காததற்குக் காரணங்கள் இருக்கின்றன. நீங்கள் ஒரு கம்ப்ரஸரை உங்கள் ஃபோல்டருக்கு நகர்த்திவிட்டீர்கள் என்று வையுங்கள். ஆறு மாதம் கழித்து அப்டேட் வருகிறது. இன்ஸ்டாலருக்கு உங்கள் ஃபோல்டர் தெரியாது. புதிய பதிப்பைப் பழைய வழக்கமான இடத்திலேயே போடும். இப்போது ஒரே உள் அடையாள எண்ணோடு இரண்டு கோப்புகள் இருக்கின்றன. மென்பொருள் எதை எடுக்கும் என்பது அதன் ஸ்கேன் வரிசையைப் பொறுத்தது. அப்டேட் செய்தும் பழைய பிழை போகவில்லை என்று புலம்புகிறவர்களில் சிலருக்காவது நடந்திருப்பது இதுதான்.

அப்புறம் வேவ்ஸ். அந்த நிறுவனத்தின் பிளகின்கள் தனித்தனிக் கோப்புகளாகப் பிளகின் ஃபோல்டரில் இருப்பதில்லை. வேவ்ஷெல் என்ற ஓரிரு கோப்புகளுக்குப் பின்னால்தான் மொத்தக் குடும்பமும் நிற்கிறது. அதில் ரிவெர்பை மட்டும் பிடுங்கி ரிவெர்ப் ஃபோல்டரில் போட முடியாது. கடைசியாக, டிஸ்கில் ஒரு கோப்பு ஓர் இடத்தில்தான் இருக்கும். வல்ஹாலா சூப்பர்மேசிவ் என்ற பிளகினை டிலே (ஒலியைத் தாமதித்துத் திருப்பித் தருவது) என்று வைப்பீர்களா, ரிவெர்ப் என்று வைப்பீர்களா? இரண்டு வேலையும் அது செய்கிறது.

ஒன்றும் செய்யாமல் தேடுவது

இது சோம்பேறிகளின் வழி என்று சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெயர் தெரிந்த பிளகினை எடுக்க இதைவிட வேகமான வழி எதுவும் கிடையாது. ரீப்பரின் எஃப்எக்ஸ் ஜன்னலில் இரண்டு மூன்று எழுத்து தட்டினாலே பட்டியல் சுருங்கிவிடும். ஆர் (OR), நாட் (NOT) போன்ற சொற்களைப் போட்டுச் சலிக்கவும் செய்யலாம். ஏபிள்டனின் ப்ரவுசரும் நீண்ட நாளாகத் தேடலை நம்பியே இருக்கிறது. லாஜிக்கில் இன்சர்ட் மெனுவிலேயே தேடும் வசதி 2024 இறுதியில் வந்த 11.1 பதிப்பில்தான் வந்தது. அதுவரை மெனுவுக்குள் மெனுவாக எலியை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

தேடலின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன: அதற்குப் பெயர் மட்டும்தான் தெரியும். பழைய 1176 கம்ப்ரஸரின் சாயல் வேண்டுமென்று 76 என்று தட்டுங்கள். வேவ்ஸின் சிஎல்ஏ-76, ஆர்ட்டூரியாவின் காம்ப் ஃபெட்-76, யூனிவர்சல் ஆடியோவின் 1176 என்று உங்களிடம் இருப்பதெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். அருமை. இப்போது குரலில் ‘ஸ’ சீறுகிறது, அதை அடக்கும் டி-எஸ்ஸர் வேண்டும். நடுவில் கோடு போட்டு டி-எஸ் என்று ஆங்கிலத்தில் தட்டினால், கோடில்லாமல் ஒரே சொல்லாக எழுதப்பட்ட வேவ்ஸின் ஆர்டிஎஸ்ஸர் வராமல் போகலாம். கோடு இல்லாமல் தட்டினால் கோடு உள்ளவை வராது. ஃபேப்ஃபில்டரின் ப்ரோ-டிஎஸ் இரண்டிலும் மாட்டாது. வேவ்ஸ் சிபிலன்ஸும் ஓக்சவுண்டின் சூத்தும் அதே வேலைக்குக் கை கொடுப்பவை, ஆனால் அவற்றின் பெயரில் அந்த வார்த்தையே இல்லை. சவுண்ட்டாய்ஸின் டீகேப்பிட்டேட்டர் ஒரு சாச்சுரேஷன் பிளகின் (மெல்லிய சிதைவால் ஒலிக்குக் கனம் சேர்ப்பது) என்பது பெயரை வைத்து யாருக்கும் தெரியப்போவதில்லை.

இதற்கு ரீப்பரில் ஒரு குறுக்குவழி இருக்கிறது. எஃப்எக்ஸ் பட்டியலில் ஒரு பிளகினைத் தேர்ந்தெடுத்து எஃப்2 அழுத்தினால் பெயரை மாற்றலாம். ப்ரோ-டிஎஸ் என்ற பெயருக்குப் பின்னால் டிஎஸ்ஸர் என்று ஒரு சொல் ஒட்டிவிட்டால் தேடலுக்கு வகையும் தெரிந்துவிடும். டிஸ்கில் உள்ள கோப்பின் பெயர் மாறுவதில்லை, அதனால் பயமில்லை. கோப்பின் பெயரையே மாற்றும் வேலை மட்டும் வேண்டாம். பழைய ப்ராஜெக்ட்கள் பிளகினைக் காணோம் என்று நிற்கக்கூடும்.

தயாரிப்பாளர் வாரியாக

நிறைய மென்பொருள்களில் இயல்பாகவே கிடைப்பது இதுதான். ப்ரோ டூல்ஸில் தட்டையான பட்டியல், வகை, தயாரிப்பாளர், இரண்டும் சேர்ந்தது என்று அமைப்பில் தேர்ந்தெடுக்கலாம். மிக்ஸ் செய்யும்போது இந்த வரிசை எனக்கு எரிச்சல். ஈக்யூ வேண்டும் என்று நினைக்கிற மூளையிடம் எந்தக் கம்பெனி என்று கேட்டால் அது வேறு திசைக்குப் போய்விடுகிறது. நிர்வாகத்துக்கு மட்டும் நல்லது. சந்தா முடியப்போகிறது, எவையெல்லாம் போகும் என்று பார்க்க வேண்டுமா? அப்போது தயாரிப்பாளர் பட்டியல்தான் உதவும். இன்னொரு இடமும் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

வகை வாரியாக

பலர் கடைசியில் வந்து சேரும் இடம் இது. விஎஸ்டி3 பிளகின் ஒவ்வொன்றும் தான் எந்த வகை என்பதைத் தானே சொல்லிக்கொள்ளும்: ஈக்யூ, டைனமிக்ஸ், டிலே, சிந்த் என்று. மென்பொருள்கள் அதைப் படித்துத் தானாகவே பிரித்துத் தருகின்றன. கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் சிலர் பொதுவாக ‘எஃப்எக்ஸ்’ என்று மட்டும் போட்டுவிட்டுப் போகிறார்கள், இன்னும் சிலர் ஈக்யூ, கம்ப்ரஸர் எல்லாம் ஒன்றாக உள்ள சேனல் ஸ்ட்ரிப்பை ஈக்யூ என்கிறார்கள். அதனால் கையால் திருத்தாமல் இந்த வழி முழுமையாகாது.

திருத்துவது எங்கே எளிது என்று பார்த்தால் மென்பொருளுக்கு மென்பொருள் மாறுகிறது. ரீப்பரில் எஃப்எக்ஸ் ஜன்னலின் இடப்பக்கம் வலது க்ளிக் செய்து ஃபோல்டர் உண்டாக்கி, பிளகினை இழுத்துப் போட வேண்டியதுதான். ஒரே பிளகினை இரண்டு ஃபோல்டர்களில் போடலாம். சூப்பர்மேசிவ் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. ஸ்மார்ட் ஃபோல்டர் என்று ஒன்று உண்டு: ஒரு தேடல் சொற்றொடரைக் கொடுத்துவிட்டால், இனி புதிதாக வாங்குவதும் பொருந்தினால் தானாக அதில் வந்து விழும். விலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை; ஆறில் இந்த ஒரு விஷயத்தில் ரீப்பர்தான் முன்னால் நிற்கிறது.

லாஜிக்கில் பிளக்-இன் மேனேஜரைத் திறந்து வகைகளை உண்டாக்கி இழுத்துப் போடலாம். டாப் லெவல் என்ற இடத்தில் போட்டவை மெனுவின் தலையிலேயே தெரியும். எஃப்எல் ஸ்டுடியோவின் முறை சற்று விநோதமானது. அங்கே பிளகின் டேட்டாபேஸ் என்பது டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் நிஜமான ஃபோல்டர்கள்; உள்ளே இருப்பவை பிளகின்களைச் சுட்டிக்காட்டும் சிறு கோப்புகள். பிளகின் வேறெங்கோ பத்திரமாக இருக்க, இந்தச் சிறு கோப்புகளை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் நகர்த்தலாம். டிஸ்கில் ஃபோல்டர் போடும் ஆசை உள்ளவர்களுக்கு அதன் ஆபத்து இல்லாமல் அந்தச் சுகம் கிடைக்கிறது. ஏபிள்டனில் 2018-இல் வந்த லைவ் 10 ஏழு நிறங்களில் கலெக்‌ஷன்களைக் கொண்டுவந்தது. ஏழோடு சரி. லைவ் 12-இல், அதாவது 2024-இல், டேக் போட்டுச் சலிக்கும் வசதி வந்த பிறகுதான் அது முழுமையான வகைப்பாடு ஆனது.

க்யூபேஸை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். அதன் பிளக்-இன் மேனேஜரில் ஒரு வரிசை மட்டுமல்ல, பல கலெக்‌ஷன்கள் செய்து தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். இதை வைத்து எல்லாரும் ஈக்யூ, கம்ப்ரஸர் என்று மட்டுமே பிரிக்கிறார்கள். அதைவிடப் பயனுள்ள பிரிவு ஒன்று உண்டு: பாடகர் மைக் முன்னால் நிற்கும்போது போடக்கூடியவை, அவர் வீட்டுக்குப் போன பிறகு போட வேண்டியவை. லீனியர் ஃபேஸ் ஈக்யூ, முன்கூட்டியே பார்த்து வேலை செய்யும் லிமிட்டர், ஓசோன் போன்ற மாஸ்டரிங் சமாச்சாரம் எல்லாம் ஒலியைத் தாமதமாக்கும். ரெக்கார்டிங்கின்போது தவறிப்போய் அதில் ஒன்றைப் போட்டுவிட்டால், ஹெட்ஃபோனில் தன் குரலே பின்னால் இழுப்பதைக் கேட்டுப் பாடகர் தாளம் தடுமாறுவார். ‘ரெக்கார்டிங்’ என்று ஒரு சின்னக் கலெக்‌ஷன், அதில் தாமதம் இல்லாத ஒரு ஈக்யூ, ஒரு கம்ப்ரஸர், மானிட்டருக்கு ஒரு ரிவெர்ப். போதும். க்யூபேஸில் இல்லாதவர்கள் இதையே ஒரு ஃபோல்டராகவோ ஒரு நிறமாகவோ செய்துகொள்ளலாம்.

வகைகளை எத்தனை நுணுக்கமாகப் பிரிப்பது என்ற கேள்வி வரும். கம்ப்ரஸருக்குள் ஆப்டோ, ஃபெட், விசிஏ, வேரி-மியூ என்று மின்சுற்று வாரியாகக் கிளை பிரிப்பவர்கள் உண்டு. அது அந்த வித்தியாசத்தைக் காதால் கேட்டு எடுப்பவர்களுக்கு. மற்றவர்களுக்கு எட்டுப் பத்து வகைக்கு மேல் போனால், எதை எங்கே போட்டோம் என்று தேடுவதே தனி வேலையாகிவிடும்.

பிடித்தவை மட்டும் மேலே

வகை பிரிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்க மனமில்லாதவர்கள் இதைச் செய்யலாம். ப்ரோ டூல்ஸில் விண்டோஸானால் கன்ட்ரோல், மேக்கானால் கமாண்ட் விசையை அழுத்திக்கொண்டே இன்சர்ட் மெனுவில் பிளகினைத் தேர்ந்தெடுத்தால் அது மெனுவின் தலைக்கு ஏறிவிடும். அமைப்பில் இயல்பான ஈக்யூ எது, டைனமிக்ஸ் எது என்று சொல்லியும் வைக்கலாம். எஃப்எல்லில் பிளகின் மேனேஜரில் நட்சத்திரம், ஏபிள்டனில் ஒரு நிறம், ரீப்பரில் ஃபேவரைட்ஸ் ஃபோல்டர். இதற்கு ஆகும் நேரம் ஒரு காபி குடிக்கிற நேரம்தான், பலனோ ஏராளம். நாற்பது பிளகின் வரை வைத்திருப்பவருக்கு இதுவும் தேடலும் சேர்ந்தால் வேறு எதுவும் வேண்டாம் என்பேன்.

ஒரே நிபந்தனை, பட்டியல் குட்டியாக இருக்க வேண்டும். பிடித்தவை ஐம்பது ஆனால் அது இன்னொரு முழுப் பட்டியல்.

செயினாகச் சேமிப்பது

பிளகினை அடுக்காமல் வேலையை அடுக்குவது என்று இதைச் சொல்லலாம். ரீப்பரில் எஃப்எக்ஸ் செயின், ஏபிள்டனில் ராக், லாஜிக்கில் சேனல் ஸ்ட்ரிப் செட்டிங், க்யூபேஸில் ட்ராக் ப்ரீசெட். பெயர் எதுவானாலும் விஷயம் ஒன்று: நாலைந்து பிளகின்களை வரிசையாகப் போட்டு ‘லீட் குரல்’, ‘கோரஸ்’, ‘டிரம் பஸ்’ என்று சேமிப்பது. பிளகின் பெயரும் நினைவில் வேண்டாம், வகையும் வேண்டாம்.

மிருதங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வலந்தலைக்கு ஒரு மைக், தொப்பிக்கு ஒரு மைக் வைத்து எடுத்திருந்தால் இரண்டுக்கும் ஒரே செயின் சரிப்படாது. வலந்தலையில் ‘சாபு’ என்ற அடியின் நாதம் தெளிவாக இருக்க வேண்டும். அடியில் தேவையற்றதைத் தாராளமாக வெட்டலாம். தொப்பிப் பக்கம் அதே ஹை-பாஸை (அடி ஒலியை வெட்டும் வடிகட்டியை) வைத்தால் கும்கி என்ற ஆழ்ந்த நாதம் செத்துவிடும். சந்தையில் கிடைக்கும் டிரம் ப்ரீசெட்களைப் பெரும்பாலும் கிக், ஸ்னேரை நினைத்துச் செய்திருப்பார்கள். மிருதங்கத்துக்கு அவை உதவாது. ஆகவே இந்த இரண்டு செயின்களை நீங்களே ஒரு முறை காதால் கேட்டுச் செய்து வைத்துக்கொண்டால், அடுத்த கச்சேரி ரெக்கார்டிங்கில் பாதி வேலை முடிந்தது.

ஆனால் கம்ப்ரஸரின் த்ரெஷோல்டையும் (எந்த அளவைத் தாண்டினால் அது வேலை செய்யும் என்ற எண்ணையும்) சேர்த்துச் சேமித்துவிட்டு அப்படியே விடுகிறவர்களைப் பார்க்கிறேன். போன பாட்டில் குரல் எந்த அளவில் பதிவானதோ அதற்கு வைத்த எண் அது. இந்தப் பாட்டில் சத்தம் குறைவாக இருந்தால் கம்ப்ரஸர் தூங்கும், அதிகமானால் கழுத்தை நெரிக்கும். அதனால் சேமிக்கும்போதே த்ரெஷோல்டைத் திறந்துவைத்து, கம்ப்ரஸரை பைபாஸில் (வேலை செய்யாத நிலையில்) விட்டுச் சேமியுங்கள். ஒவ்வொரு முறையும் கை வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வரும். எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி கேட்கிறது என்ற குற்றச்சாட்டிலிருந்தும் ஓரளவு தப்பலாம்.

வாத்தியங்கள் பக்கம் செயின் முறைக்குப் போட்டியே இல்லை. வாத்திய லைப்ரரிகளை ஏற்றும் பிளகினான கான்டாக்ட் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்: நூறு லைப்ரரி இருந்தாலும் பிளகின் பட்டியலில் கான்டாக்ட் என்று ஒரே ஒரு வரிதான். அதை எந்த வகையில் போட்டாலும் உள்ளே இருக்கும் வீணையும் வயலின் கூட்டமும் வெளியே தெரியப்போவதில்லை. ஒவ்வொரு வாத்தியத்தையும் திறந்து ட்ராக் டெம்ப்ளேட்டாகச் சேமித்தால்தான் பெயர் சொல்லிக் கூப்பிட முடியும்.

தூக்கிப் போடுவதா, மறைப்பதா

எந்த வழியை எடுத்தாலும் முதலில் பட்டியலைச் சுருக்க வேண்டும். ஒரே பிளகின் விஎஸ்டி2, விஎஸ்டி3, ஏயூ, ஏஏஎக்ஸ் என்று நான்கு வடிவங்களில் ஏறியிருக்கும். இன்ஸ்டாலரில் கஸ்டம் என்பதைத் தேர்ந்தெடுத்து வேண்டாததை எடுத்துவிட்டிருந்தால் வந்திருக்காது. பழைய பதிப்புகளை மட்டும் அழிக்க அவசரப்படாதீர்கள். ப்ரோ-க்யூ 4 வாங்கியாயிற்று என்று ப்ரோ-க்யூ 3-ஐ நீக்கினால், அதை வைத்து மிக்ஸ் செய்த பழைய பாட்டு திறக்கும்போது அந்த இடம் காலியாக இருக்கும். இரண்டும் தனித்தனிப் பிளகின்கள், ஒன்றின் இடத்தில் மற்றது தானாக உட்காராது. லாஜிக்கில் மேனேஜரில், க்யூபேஸில் கலெக்‌ஷனில் சேர்க்காமல் விட்டு, எஃப்எல்லில் நட்சத்திரத்தை எடுத்து என்று மறைத்துவிடுங்கள். இருக்கட்டும், கண்ணில் படாமல் இருக்கட்டும்.

சரி, யாருக்கு எது

ஒரே மென்பொருள், தனி ஆள், நூற்றுக்கு மேல் பிளகின்கள் என்றால் வகைப்பாட்டுக்கு ஒரு நாளைச் செலவழிக்கலாம், வீணாகாது. கூடவே இரண்டு மூன்று செயின்கள். பிளகின் குறைவாக இருப்பவர் வகைப்பாட்டில் இறங்கவே வேண்டாம். முன்னே சொன்ன தேடலும் பிடித்தவையும் போதும்.

இரண்டு மென்பொருள்களில் வேலை செய்பவர் நிலைமை வேறு. ஏபிள்டனில் பாட்டை உருவாக்கி க்யூபேஸிலோ ரீப்பரிலோ மிக்ஸ் செய்பவர்கள் நிறைய. ஒன்றில் போட்ட வகையும் நிறமும் மற்றொன்றுக்குத் தெரியாது. இரண்டு இடத்திலும் அடுக்கிப் பராமரிப்பது நடக்காத காரியம். இவர்கள் பிளகினுக்குள்ளேயே ப்ரீசெட்டாகச் சேமிப்பது நல்லது. ஃபேப்ஃபில்டர் மாதிரி பிளகின்களில் அந்த ப்ரீசெட் எந்த மென்பொருளில் திறந்தாலும் அங்கேயே இருக்கும். முழுச் செயினே வேண்டுமானால் ப்ளூ கேட்டின் பேட்ச்வொர்க் போன்ற, பிளகின்களுக்குள் பிளகின்களை ஏற்றும் பிளகின் உதவும். அதில் சேமித்த வரிசையை எங்கும் திறக்கலாம். குறை என்னவென்றால் ஆட்டோமேஷனுக்கு (பாட்டு ஓடும்போது திருகுகள் தானாக நகர்வதற்கு) உள்ளே இருக்கும் திருகுகளை ஒவ்வொன்றாக வெளியே இணைத்துக் கொடுக்க வேண்டும். ப்ராஜெக்டை வாங்கும் நண்பரிடமும் அது இருக்க வேண்டும்.

பலர் வந்துபோகும் ஸ்டுடியோவுக்குத்தான் முன்பு சொன்ன தயாரிப்பாளர் வரிசை. அங்கே உங்கள் ரசனைப்படி அடுக்கினால், வெளியிலிருந்து வரும் இன்ஜினியர் கேட்டுக் கேட்டு எடுக்க வேண்டியிருக்கும். தயாரிப்பாளர் யார் என்பது எல்லாருக்கும் ஒன்றுதான். வகையோடு தயாரிப்பாளரும் சேர்ந்த ப்ரோ டூல்ஸ் வரிசை இன்னும் மேல். சொந்த வரிசை இல்லாமல் கை ஓடாது என்பவர்கள், ரீப்பரானால் பென் டிரைவிலேயே போர்ட்டபிளாக நிறுவி, தங்கள் ஃபோல்டர் வரிசையோடு வரலாம்.

வகைப்பாட்டில் இறங்கியவர்களுக்கு ஒரு வேலை பாக்கி. கம்ப்யூட்டரைத் துடைத்து மறுபடி விண்டோஸோ மேக்கோ ஏற்றும்போது பிளகின்களைத் திரும்ப இறக்கிக்கொள்ளலாம், அடுக்கிய வரிசையை இறக்க முடியாது. ரீப்பரில் ரிசோர்ஸ் ஃபோல்டரில் இருக்கும் எஃப்எக்ஸ்-ஃபோல்டர்ஸ், எஃப்எக்ஸ்-டேக்ஸ் என்ற ஐஎன்ஐ கோப்புகள். லாஜிக்கில் மியூசிக் ஃபோல்டருக்குள் ஆடியோ மியூசிக் ஆப்ஸ், அதில் டேட்டாபேஸஸ், அதில் டேக்ஸ். எஃப்எல்லில் டாக்குமெண்ட்ஸில் இமேஜ்-லைன் ஃபோல்டருக்குள் ப்ரீசெட்ஸ், அதிலுள்ள பிளகின் டேட்டாபேஸ். சில எம்பிதான் வரும். பாட்டுகளை பேக்அப் எடுக்கும் அதே டிரைவில் இவற்றையும் போட்டுவிடுங்கள்.